படிகாரம் போட்ட காபி

போன வாரம் வெள்ளானூரில் எங்கள் குடியிருப்புத் தொட்டியில் லாரித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. படிகாரம் வாங்கக் கடைக்குப் போனேன். "இன்னா மேடம், திஷ்டிக்கா? கயிறு கட்டியே கீது, வாசல்ல மாட்டிடலாம்" என்றார் கடைக்காரர். தண்ணீர் தெளிய வைக்க என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். படிகார விஷயத்தில் நான் ஏற்கெனவே பெயர் கெட்டவள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பல வருஷத்துக்கு முன்பு, அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் வேதியியல் கடைசி வருஷம். எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நம்பிய வயது. ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அன்றைக்கென்று குழாயில் டீ நிறத்தில் தண்ணீர். அம்மா குடத்தோடு கைபம்புக்குக் கிளம்பினாள்.

"எதுக்கும்மா அலையற? கெமிஸ்ட்ரி படிச்சவ வீட்ல இருக்கேன்ல?"

அப்பா சவரம் செய்ததும் கன்னத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியை எடுத்தேன். முகம் சுளிக்காதீர்கள், கழுவித்தான் அண்டாத் தண்ணீரில் போட்டேன். கலங்கல் தண்ணீரில் மண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். படிகாரம் கரைந்ததும் அவை ஒட்டிக்கொண்டு பஞ்சுபோலத் திரளும். முதலில் வேகமாகக் கலக்க வேண்டும், அப்புறம் மெதுவாக, அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும். பரீட்சையில் இதை அழகாக எழுதியிருந்தேன். கையை எடுப்பதுதான் எனக்கு வராது.

பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா அண்டாவை எட்டிப் பார்த்தாள். "ஐயே, பூப்பூவா வருதுமே!" என்று கூவி எங்கள் வீட்டு வரிசையில் இருந்த பெண்களையெல்லாம் கூட்டிவிட்டாள். ஒவ்வொருத்தி வரும்போதும் நான் முதலிலிருந்து விளக்கி, கரண்டியால் ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். திரண்ட பூக்களெல்லாம் சிதறின. இன்னும் கொஞ்சம் படிகாரம் போட்டேன். மறுபடி கூட்டம், மறுபடி கரண்டி, மறுபடி படிகாரம். பெண்கள் சமையலைப் பார்க்கப் போன பிறகுதான் மண் அடியில் போய் உட்கார வழி பிறந்தது. மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவேற்காட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா பாலில் அந்தத் தண்ணீரைக் கலந்து காய்ச்சினாள். படிகாரம் மிஞ்சிப்போய்ப் பால் திரிந்தது.

"அடிப்பாவி, வேற பால் இல்லடி."

காபிக்குப் பதில் தண்ணீர் டம்ளர்களோடு கூடத்துக்குப் போனேன். பையன் நன்றாக இருந்தார். அதுதான் கஷ்டம். அவருடைய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி ஏம்மா துவர்க்குது?" என்றார். தலையைக் குனிந்து நின்றிருக்கலாம். நானோ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு துகள், திரள், படிவு என்று பாடமே நடத்தினேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் மட்டும் கேட்டார்: "அப்ப அடியில தங்கினத என்ன பண்ணுவீங்க?"

"முருங்கைக்கு ஊத்திடுவோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மனசுக்குள் நான் திருவேற்காட்டுக்குக் குடிபோய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு தரகர் வந்தார். "பொண்ணு வாத்தியாரு மாதிரி பேசுதுன்னு அந்தம்மா சொல்றாங்க." உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை. யார் கூப்பிட்டும் திறக்கவில்லை. அஞ்சலையக்கா ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள்.

"போனாப் போறான் உடு. தண்ணி தொவர்க்குதுன்னு ஓடறவன் உன் வாய்க்கு எத்தினி நாளு தாங்குவான்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டேன். கதவையும் திறந்தேன். அவள் என் தலையை வாரிப் பின்னிவிட்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் போனாள்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். எங்கள் வரிசையில் ஜன்னல் சட்டங்களைக்கூடப் பெயர்த்துவிட்டார்கள். சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அஞ்சலையக்கா எங்கே போனாள் என்று வாயிலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். "அவங்க ஊட்டுக்காரர் பேரு இன்னா? ஃபேக்டரில எந்த செக்‌ஷன்?" என்றார்.

அத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும், அது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.