தெரியாது என்று நின்ற அரை மணி நேரம்

அன்புக்கொடி மக்களே, நாம் கும்பிடும் அய்யா எனக்குச் செய்த உதவியையும், அதில் நான் பட்ட வெட்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன ஐப்பசி மழையில் என் தம்பி சுயம்பு சாகக் கிடந்தான். சுசீந்திரம் பக்கம், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் சானல் பாலத்தடியில் அடைத்த குப்பையை எடுக்க இறங்கினான். பாலத்தின் சிலாப் உடைந்து விழுந்து கால் மாட்டிக்கொண்டது. உட்கார்ந்தபடி கிடந்தான். தண்ணீர் நெஞ்சளவு. மழையோ விடவில்லை.

பத்துப் பேர் கம்பிப்பாரை போட்டு நெம்பியும் அசையவில்லை. ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். "கொஞ்சம் ஆடிச்சின்னா ஆளே நசுங்கிப் போவாரு. நமக்கு தைரியமில்ல அண்ணாச்சி" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உள்ளதைச் சொன்ன மனிதர். தீயணைப்பு வண்டியோ, வழியில் மரம் விழுந்து நின்றுவிட்டது.

நான் கரையில் நின்று அழுதேன்.

இத்தனைக்கும் நான் மஸ்கட்டில் பதினாறு வருஷம் அதே மாதிரி மெஷின் ஓட்டியவன். குழிக்குள் ஆட்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே பெரிய குழாயைச் சங்கிலியில் கட்டி இறக்குவதுதான் வேலை. ஒருவருக்கும் கீறல் பட்டதில்லை. ஊருக்கு வந்த புதிதில் இதை டீக்கடையில் சொல்ல, "வந்துட்டாம்லே மஸ்கட் ராஜா!" என்று சிரித்தார்கள். சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "அங்க சும்மா கூலி வேலதான். நமக்கு ஒண்ணும் தெரியாது" என்பேன். அதற்குப் பணிவு என்று பேர் வைத்துக்கொண்டேன். தங்கமான மனுசன் என்றார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சரியான கள்ளத்தனம்!

அன்று கரையில் நின்று, "அய்யா, வேல தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்பித் தாரும்" என்று கும்பிட, வழக்கப்படி தோள் துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டினேன். கட்டும்போதே உறைத்தது. அய்யாவைக் கும்பிடப் போகும் தாங்கலில் தலைப்பாகையோடு, நிமிர்ந்து, கண்ணாடிக்கு முன்னால்தானே நின்று கும்பிடுகிறோம்? அதில் தெரிவது யார்? அய்யா எனக்குள்ளே இருக்கிறார் என்று தினமும் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து எனக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்!

அந்த நேரம் பார்த்து என் மனைவி செல்வம் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் கத்தினாள்: "மஸ்கட்டுல நீங்க என்ன மாடா மேச்சிய? ஏறுங்க வண்டில!"

ஏறினேன். சிலாபில் சங்கிலி கட்டச் சொன்னேன். கொஞ்சங் கொஞ்சமாகத் தூக்கினேன். ஒரு சாண் எழுந்ததும் தம்பியை இழுத்துவிட்டார்கள். தண்ணீர் அப்போது அவன் தாடையைத் தொட்டிருந்தது.

உயிர் பிழைத்தான். கால் விரல் இரண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன், "அர மணிக்கூரா கரையில நின்னு என்னண்ணே செஞ்ச?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை.

இப்போது யார் கேட்டாலும், "நல்லா ஓட்டுவேன். அய்யா தந்த கை" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மழைக்காலத்தில் கூப்பிட என் நம்பரைப் பஞ்சாயத்தில் கொடுத்திருக்கிறேன்.

மக்களே, அய்யாவை நம்பிக் கேளுங்கள். கட்டாயம் ஆள் அனுப்புவார். அந்த ஆள் நீங்களாக இருந்தால் என்னைப் போல நின்றுவிடாதீர்கள். என் தம்பி இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான்.