எங்கள் எம்.பி. செத்துப்போன சனிக்கிழமை

பாரிசின் புறநகரான லா கூர்னெவில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையார், முருகன், மடு மாதா ஆகியோருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். வழுக்கைத் தலை, சற்றே சாய்ந்த கழுத்துப்பட்டி. வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் அவரை யாரோ வெளிநாட்டுச் சாமியார் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர் சாமியார் இல்லை. லண்டனில் மாமா குடியிருந்த தொகுதியின் எம்.பி.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே லண்டனுக்குப் போனவர். அங்கே அவருடைய அகதி வழக்கு மறுக்கப்பட்டது, மேன்முறையீடு செய்தார், அதுவும் மறுக்கப்பட்டது. அங்கே தங்குவதற்கான விசா இல்லாமல் அவர் பாரிசுக்கு வந்துபோக முடியாது. எங்களிடமிருந்த அகதிப் பயணப் பத்திரத்தைப் பார்த்த லண்டன்காரர்களும் எங்களை இரண்டு தடவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய ஊர்தான். ஆனாலும் அம்மா பன்னிரண்டு வருடமாகத் தம்பியின் முகத்தைத் தொலைபேசியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவை நாடு கடத்தாமல் வைத்திருந்தவை அந்த எம்.பி. உள்துறை அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள். அவற்றின் பிரதிகளை அம்மா ஒரு பச்சைக் கோப்பில் வைத்திருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

எனக்குப் பதினொரு வயதானபோது, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். மற்றப் பிள்ளைகள் ஜனாதிபதியையும் நகரபிதாவையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே அரசியல்வாதி சாமித்தட்டில் இருந்தார்.

இணையத்தில் துருவித் துருவி அவருடைய வாழ்க்கையை எழுதினேன். பஸ் ஓட்டுநரின் மகன். கணக்கு வாத்தியாராக இருந்தவர். இரண்டு தேர்தல்களில் தோற்று மூன்றாவதில் வென்றார். அதற்குப் பிறகு தொகுதிக்காரர்கள் அவரை விடவேயில்லை. மந்திரியாக வந்திருக்க வேண்டியவர்தான். ஆனால் கட்சி ஒரு பக்கம் வாக்களிக்கச் சொன்னால் மனச்சாட்சி சொன்ன பக்கம் போகிற கெட்ட பழக்கம் அவரிடம் இருந்தது. ஆகையால் பின்வரிசையில் இருந்தே தலைமயிர் கொட்டிவிட்டது. சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, கூரை ஒழுகுகிறவர்கள் முதல் மாமாவைப் போல விசா இல்லாதவர்கள் வரை எல்லோருடைய குறையையும் கேட்பார். தமிழர்களின் தேர்த்திருவிழாவில், அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் வேட்டிக்கு மேலே பெல்ட் கட்டிக்கொண்டு அவர் நிற்கிற படமும் கிடைத்தது. கடைசியில், அந்த வருடமே வரவிருந்த அடுத்த தேர்தலில் தான் நிற்கப்போவதில்லை என்று அவர் அறிவித்திருந்த செய்தியையும் கண்டேன். அதையும் எழுதி, படத்துக்குக் கீழே முதலில் வென்ற வருடத்தையும் விலகப்போகிற வருடத்தையும் நடுவில் ஒரு கோடிட்டுப் போட்டேன். எல்லாம் பிரெஞ்சில். வீட்டில் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

சும்மா கடதாசியில் கொண்டுபோனால் எம்.பி.க்கு மரியாதை இல்லை என்று அப்பா நினைத்தார். அவர் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். பக்கத்துக் கடை ஓர் அச்சகம். கலியாண அட்டை, சாமத்திய வீட்டுப் பதாகை, மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். அப்பா என் தாளை அச்சக அண்ணையிடம் கொடுத்து, "பெரிய மனிசர், மரியாதையாச் செய்யுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அடுப்படியில் நிற்கும்போது தொலைபேசி எடுக்க முடியாது என்பதால், அச்சடித்து முடிந்ததும் அழைக்கச் சொல்லி அம்மாவின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணைக்கு அன்று கழுத்து முட்ட வேலை. படம், பெயர், இரண்டு வருடங்கள், நடுவில் கோடு, மரியாதை. இத்தனையும் ஒன்றாக வந்தால் லா சப்பலில் அதற்கு ஒரே ஒரு அச்சுத்தான் உண்டு. ஊதாக் கரை போட்டார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றினார். "அன்னாரின் சேவையை நன்றியுடன் நினைவுகூருகிறோம்" என்று தமிழில் ஒரு வரியைத் தன்னுடைய அன்பளிப்பாகச் சேர்த்தார். "தகவல்: குடும்பத்தினர்" என்று போட்டு அம்மாவின் இலக்கத்தையும் அடித்தார். பிறகு, இப்படியான அறிவித்தல்கள் எல்லாவற்றுக்கும் செய்வதுபோல, சனம் பார்க்கட்டும் என்று ஒரு பிரதியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அழைப்பு வந்தது. இன்னொரு புறநகரான செவ்ரானிலிருந்து ஓர் அன்ரி. "உங்கட எம்.பி. மோசம் போயிட்டாராமே? எப்ப பிரேதம் எடுக்கினம்?"

அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். எம்.பி.யின் உதவியோடு மாமா மறுபடி போட்ட மனுவுக்கு எப்போதும் முடிவு வரலாம் என்று காத்திருந்த நேரம் அது. லண்டனுக்கு அழைத்தார். மாமாவின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. மறுபடியும் அழைத்தார். அதற்குள் பக்கத்து ஊரான கார்ஜிலிருந்து ஒருவர் அனுதாபம் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். "அந்த மனிசனும் போனால் என்ர தம்பியை ஆர் பாக்கிறது?" என்று அம்மா சாமித்தட்டைப் பார்த்துக் கேட்டார். நானும் அழுதேன். இரண்டு வாரம் ஒருவருடைய வாழ்க்கையை எழுதினால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்.

அப்பாவைப் பிடித்து விசாரிக்க லா சப்பலுக்குப் போனோம். அச்சக வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். லண்டனில் சில காலம் இருந்த ஒருவர், "எனக்கும் ஒருக்கால் கடிதம் தந்தவர், தங்கமான மனிசன்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைப் பார்த்ததும் விம்மத் தொடங்கினார். நானும் பார்த்தேன். விளக்குகளுக்கு நடுவே இருந்தவை என்னுடைய வசனங்கள், என்னுடைய எழுத்துப்பிழை உட்பட.

உண்மையை உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை பேர் துக்கமாக நிற்கும்போது, செத்தவர் சாகவில்லை என்று சொல்வதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவர் பூமாலை வாங்கி வரட்டோ என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தேன்.

"அம்மா, இது என்ர பள்ளிக்கூட வேலை. அவர் சாகேல்லை."

அம்மா நம்பவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளின் சொல்லைவிட அச்சடித்த எழுத்தை நம்புவார்கள். அச்சக அண்ணை வெளியே வந்து, அப்பா மேலங்கியில் கை துடைத்தபடி ஓடி வந்து, ஆளையாள் குற்றம் சொல்லத் தொடங்கிய நேரத்தில் அம்மாவின் தொலைபேசி அடித்தது. மாமா. நூலகத்துக்குள் இருந்ததால் நிறுத்தி வைத்திருந்தாராம். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"தம்பி, அந்த மனிசன் உயிரோடை இருக்கிறாரோ?"

"இருக்கிறார் அக்கா. இப்பதான் கதைச்சுப்போட்டு வாறன்."

"உன்ர கண்ணாலை கண்டனியே?"

"ஓம் அக்கா. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார்."

அம்மா அதே கேள்வியை மூன்று தரம் கேட்டார். நடந்ததைச் சொன்னதும் மாமா சிரிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார். அம்மாவும் சிரித்தார், கன்னத்தில் கண்ணீர் காயவேயில்லை. மாமாவின் எம்.பி. உயிரோடு இருக்கிறார், எனக்கும் அடி விழவில்லை. அந்த வயதில் இரண்டும் எனக்கு ஒரே அளவான சந்தோசம்.

பிறகு மாமா என்னிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார். ஒலியைக் குறைக்கச் சொன்னார். அந்த இரண்டாவது வருடத்தை ஏன் போட்டாய் என்று கேட்டார். அவர் இனித் தேர்தலில் நிற்கமாட்டாராம், வாசித்தேன் என்றேன். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாவுக்குத் தெரியுமே?"

"இல்லை."

"அப்ப சொல்லாதை. நான் பிறகு சொல்லுறன்."

அப்பாவின் கடையிலிருந்து வடையும் ரோல்சும் வந்தன. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கலியாணவீட்டுக்காரர்கள்போலச் சாப்பிட்டார்கள். மாலை வாங்கப் புறப்பட்டவர்தான் நாலு வடை சாப்பிட்டார். அண்ணை கண்ணாடியிலிருந்து எம்.பி.யை உரித்தெடுத்து, விளக்கில்லாமல் இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னார். எனக்கு நேரமிருக்கவில்லை. திங்கட்கிழமை விளக்குகளோடேயே கொண்டுபோனேன். அலங்காரம் மிக அழகு என்று ஆசிரியை பாராட்டினார்.

தேர்தல் வந்தது, எம்.பி. விலகினார். பதவியின் கடைசி வாரத்தில் மாமாவுக்காக இன்னுமொரு நீளக் கடிதம் எழுதிவிட்டுத்தான் போனார். அது போன பிறகே மாமா அம்மாவிடம் விசயத்தைச் சொன்னார். அடுத்த வருடம் விசா கிடைத்தது. கார் து நோரில் அவர் இறங்கிய நாளில் அம்மா அவருடைய கையைப் பிடித்தவர், லா சப்பலில் சாப்பிட உட்காரும்வரை விடவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில்தான் மாமா சொன்னார். அந்தச் சனிக்கிழமை காலையில்தான் எம்.பி. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தான் போகப்போவதைச் சொல்லியிருக்கிறார். அடுத்து வருகிறவர் எழுதுவாரோ தெரியாது, தன்னாலும் எந்த உறுதியும் தர முடியாது என்றிருக்கிறார். மாமா வெளியே வந்து நூலகச் சுவரில் சாய்ந்து, அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றுவிட்டுத்தான் எங்களை அழைத்திருக்கிறார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, அந்த மனிசன் உயிரோடு இருக்கிறாரா என்பது. அன்று அவரிடம் நல்ல பதில் இருந்த ஒரே கேள்வியும் அதுதான்.

"சொல்லாதை" என்று மாமா கேட்டதை நான் எங்கள் இருவருக்குமான விளையாட்டு என்று எண்ணி, அந்தத் தேர்தல்வரை ஒருவருக்கும் மூச்சுவிடாமல் சந்தோசமாகக் காப்பாற்றினேன். அம்மா அந்த நாட்களில் நிம்மதியாகச் சமைத்து, சிரித்து, நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்கு மாமாவோடு சேர்ந்து நானும் காவலிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.