ஒன்றரை மணி நேர விமானம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை யார் கையையும் எதிர்பாராமல் வளர்த்தேன். டெக்சாஸில், சுகர் லேண்டில், பெரிய மகனோடு இருக்கிறேன்.

கடைசி மகள் செல்வி ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டு மவுன் என்கிற ஊரில் டீச்சர். தன் பெண்ணோடு தனியாக இருந்தாள். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று போன் வர, நானும் பெரியவனும் ஓடினோம். தலைநகர் காபரோனில் இறங்கியபோது மத்தியானம். மவுனுக்கு மறுநாள் காலையில்தான் விமானம், ஏறினால் ஒன்றரை மணி நேரம், அதிலேயே போங்கள் என்றாள் கவுன்டர் பெண்.

"ஐநூத்தம்பது மைல்தானேம்மா? கார் ரென்ட் பண்ணா இன்னைக்கே போயர்லாம்" என்றான் மகன்.

"காலைல விமானத்துலயே போலாஞ்சாமி."

"மாட்டு வண்டில போனவளுக்கு டிரைவிங் பத்தி என்ன தெரியும்? பேசாம ஏறு."

டெக்சாஸ் மாதிரி வேலி போட்ட ஃப்ரீவே அங்கே இல்லை. பொழுது சாயும்போது ரோட்டில் மாடுகள் படுத்துக் கிடந்தன. ஒன்றின்மேல் மோதிக் கார் நொறுங்கியது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர மறுநாள் சாயங்காலம். செல்வி மத்தியானமே போய்விட்டாள். காலையில் விமானச் சத்தம் கேட்டதும், "அம்மா வந்தாச்சு" என்று வாசலையே பார்த்தாளாம். அவள் பெண் சொன்னாள்.

இப்போதெல்லாம் புது ஊருக்குப் போவதென்றால், அந்த ஊர்க்காரர் சொல்கிற வழியில்தான் போவேன். மகன் காரைக் கிளப்பிக்கொண்டு நின்றாலும் ஏறமாட்டேன்.

செல்வியின் பெண் என்னிடம் வளர்கிறாள். எழுத்துக்கூட்டி எழுதிய இதை அவளிடம் நீட்டி, "தப்பிருக்கான்னு சத்தமாப் படி கண்ணு" என்றேன்.

"அம்மிச்சி, பிளேன் சத்தம் கேட்டத மட்டும் விட்டுட்டுப் படிக்கட்டா?" என்றாள்.