மாதாவுக்கு மஞ்சள் தண்ணீர்

என் அப்பா ஒரு நல்ல கத்தோலிக்கர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. ஜெர்மனியின் எசன் நகரில் தமிழ்ப் பூசை நடக்கும் எங்கள் கோயிலில் அவர்தான் சபைத் தலைவர். மைக் கையில் கிடைத்துவிட்டால் சுவாமியாரே ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அம்மா சைவக் குடும்பத்தில் பிறந்து, அவரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். அதை மறக்க அப்பா அவரை ஒருநாளும் விட்டதில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் "சைவக்காரியின்ரை கை" என்பார்.

நான் வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் மெக்சிக்கோவின் நவா மக்களைப் பற்றி ஆராய்கிறேன். ஸ்பானியர் நாட்டைப் பிடித்த பிறகு அவர்களை எப்படிக் கிறிஸ்தவ வேதத்துக்குச் சேர்த்தார்கள், அவர்கள் மாதாவை எப்படித் தங்களுடையவளாக்கினார்கள் என்பதுதான் என் பாடம். அப்பாவுக்கு அது சோறு போடாத படிப்பு. வீட்டில் அதைக் காது கொடுத்துக் கேட்பது அம்மா ஒருவர்தான். அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் கேட்பார்.

"அந்தச் சனம் இப்ப என்ன செய்யுது, பிள்ளை?"

ஒருநாள் மெக்சிக்கோவின் ஒரு குன்றைப் பற்றிச் சொன்னேன். அங்கே நவா மக்கள் தங்கள் பழைய தாய்த்தெய்வத்தைக் கும்பிட்டு வந்தார்கள். பிறகு அதே இடத்தில் மாதா கோயில் வந்தது. சனம் முன்போலவே தூர இடங்களிலிருந்து காணிக்கையோடு வந்து, முன்போலவே 'எங்கள் தாயே' என்று கூப்பிட்டது. இதுகள் உண்மையில் யாரைக் கும்பிடுகின்றன என்று ஸ்பானியத் துறவிகளுக்கு ஒரே சந்தேகம்.

"காணிக்கை கொண்டுபோகாமல்? அம்மாவட்டை வெறுங்கையோடையே போறது?" என்றார் அம்மா.

"பழைய சிலையெல்லாம் வெறும் கல்லெண்டு எல்லாருக்கும் முன்னாலை அந்தச் சனத்தைத் துறவியள் சொல்ல வைச்சவையம்மா. மறைச்சுக் கும்பிட்டுப் பிடிபட்டால் சவுக்கடி. தலையையும் மழிச்சு விடுவினம்."

"சொன்னவையோ?"

"ஓம், சொன்னவை. சொல்லிப்போட்டு, கொஞ்சப் பேர் கல்லைக் கொண்டுபோய்ச் சிலுவைக்குக் கீழை புதைச்சவை. சிலுவையைக் கும்பிடுற மாதிரி அதைக் கும்பிட்டவை."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரச் சனம்!"

இந்த நாட்டில் தன்னுடையது என்று சொல்ல அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. திருநாளுக்கு மாதாவின் சுருவத்துக்குச் சேலை உடுத்துவது. சிலையைச் சுருவம் என்றுதான் நாங்கள் சொல்வோம். ஒரு ஊசி குத்தமாட்டார். கொசுவத்தை விரலாலேயே நீவி, ஒரு மடிப்புப் பிசகாமல் உடுத்திவிடுவார். அன்றைக்கு மட்டும் மற்றப் பெண்கள் "அக்கா, இது சரியோ?" என்று அவரிடம் வந்து கேட்பார்கள். வருடம் முழுக்க அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முகம் அன்று மினுங்கும்.

சென்ற வைகாசித் திருநாளுக்குச் சென்னையிலிருந்து புதுப் பட்டுச் சேலை வந்திருந்தது. புதுச் சேலை உடுத்துமுன் முழுக வேண்டாமா? அம்மா ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்து மாதாவை முழுக வார்த்துவிட்டார். பழைய சாந்துச் சுருவம் அது. வர்ணம் வெடித்திருந்த இடமெல்லாம் மஞ்சளைக் குடித்துவிட்டது. முகம் மஞ்சள், கழுத்து மஞ்சள், கூப்பிய கையும் மஞ்சள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்மன்காரக் கிழவர் வந்து பார்த்து, மாதா விடுமுறைக்குப் போய் வெயில் காய்ந்து வந்த மாதிரி இருக்கிறா என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மாவும் சந்தோசமாகவே நின்றார். அவர் கண்ணுக்கு மாதா இப்போதுதான் வீட்டு மனுசியாகத் தெரிந்தாள்.

அப்பா பூசை முடியும்வரை பொறுத்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"இஞ்சை வா. எல்லாருக்கும் முன்னாலை வா."

அம்மா போனார்.

"குளிப்பாட்டுறதுக்கு இது என்ன, உன்ரை அம்மன் கோயிலோ? எத்தினை வருஷம் நற்கருணை வாங்கியும் உந்தச் சைவப் புத்தி போகேல்லை, என்ன?"

சிலர் சிரித்தார்கள். சுவாமியார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழும்பி, "அப்பா, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

"நீ பேசாமல் இரு. பெரிய ஆராய்ச்சிக்காரி," என்றவர், மைக்கை அம்மாவின் வாய்க்கு நேரே பிடித்தார். "இது கடவுளோ? இல்லை. இது வெறும் சுருவம். எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

நான் படிக்கும் பழைய பக்கங்களில் ஒன்றைக் கிழித்து என் கண் முன்னால் நடிப்பது போலிருந்தது. சவுக்கு ஒன்றுதான் குறை. அந்த மனுசனை அன்று நான் மனதார வெறுத்தேன்.

"வெறும் சுருவம்," என்றார் அம்மா. ஒலிபெருக்கியில் அது கோயில் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு சேலை உடுத்தும் வேலை சபைப் பொருளாளரின் மனைவிக்குப் போனது.

ஆவணியில் எல்லைப் பக்கத்து ஊரொன்றுக்கு மாதா யாத்திரை. ஜெர்மனி முழுவதிலுமிருந்து தமிழ்ச் சனம் வரும், சைவக்காரரும் மாலையோடு வருவார்கள். எங்கள் கோயிலும் சுருவத்தைச் சப்பரம் போன்ற கூட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு, தெருவைச் சுற்றிவரும் சுற்றுப்பிரகாரத்தில் போனது. பொருளாளரின் மனைவி ஒரு பெட்டி ஊசியைக் குத்தியிருந்தார். முச்சந்தியில் காற்று ஒன்று வந்தது பாருங்கள்! தோளில் ஊசி கழன்றது, கொசுவம் சரிந்தது, பட்டு முழுவதும் காலடியில் விழுந்தது. வெடித்த சாந்தும் போகாத மஞ்சள் கறையுமாக மாதா நடுத்தெருவில் நின்றாள். பாட்டு நின்றுபோனது. பெண்கள் சேலையை எடுத்து இழுக்க இழுக்க அது வழுக்கியது.

அப்பா வேர்க்க விறுவிறுக்க அம்மாவிடம் ஓடி வந்தார்.

"கெதியா வா. வந்து உடுத்திவிடு."

"ஏலாது."

"விசரே உனக்கு? மாதா உரிஞ்சுபோட்டு நிக்கிறா!"

"வெறும் சுருவம்தானே," என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "சுருவத்துக்கு என்ன வெட்கம்?"

"எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். அண்டைக்கும் எல்லாரும் பாத்தவைதானே."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அப்பாவின் முகம் கறுத்துச் சிறுத்ததைப் பார்க்க அவ்வளவு திருப்தி. கடைசியில் யாரோ ஒரு மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுக்க, அதை மாதாவின் மேல் போர்த்திக்கொண்டு சனம் தலைகுனிந்து நடந்தது. கோட்டின் கை இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டே போயின. நான் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மா பக்கம் திரும்பினேன். அவர் தன் சேலைத் தலைப்பை மடித்து மடித்துக் கொசுவிக்கொண்டிருந்தார்.

அப்பா கோயில்காரரோடு பஸ்ஸில் போனார். அம்மா என் காரில் வந்தார். ஊர் தாண்டியதும் நான், "நல்லாக் குடுத்தீங்கள் அம்மா. இப்ப விளங்கியிருக்கும் அவருக்கு," என்றேன்.

அம்மா மடியில் கிடந்த தலைப்பின் மடிப்புகளைப் பிரித்துவிட்டார். பிறகு, "உன்ரை அந்தச் சனம், கல்லைப் புதைச்சது எண்டனியெல்லோ," என்றார்.

"ஓம் அம்மா."

"வாயாலை சொன்னாலும், மனசுக்குள்ளை விட்டுக்குடுக்கேல்லை." முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெறும் சுருவமெண்டு முதல் தரம் உன்ரை அப்பா சொல்ல வைச்சவர். இண்டைக்கு அவ துணியில்லாமல் நிக்கேக்கை, நானாச் சொன்னனான்."