கியோத்தோவுக்குப் போய்வந்த கோசலை

தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் கோசலை இப்போது குடிக்கிறாள். வேலை முடிந்து நாங்கள் வந்து உட்காரும் ரூ பெர்தொனே தெருத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் கடதாசிக் கோப்பைதான் தருவார்கள். அதையும் முகர்கிறாள். “கியோத்தோவிலை இப்பிடித்தான் குடிக்கிறவை,” என்கிறாள். கொத்துரொட்டியில் கைவைத்த பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் அவளும் ஒரே ஓட்டலில், ஒரே மாடியில் அறை துப்புரவாக்குகிறவர்கள். அவளுக்கு இடுப்பு நோகும், எனக்கு முழங்கால். ஆனால் அவளுக்குத் தர்மிளா என்றொரு மகள் பிறந்திருக்கிறாள். படித்துக் கந்தோரில் மேசை வேலை கிடைத்ததும் தாயை ஜப்பானுக்குக் கூட்டிப்போய், கியோத்தோவின் பழைய தெருவொன்றில், மர வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய விடுதியில் தங்கவைத்தாள். என் மகன் என்னைக் கூட்டிப்போன தொலைவு லூர்து மாதா கோவில்; அதுவும் பஸ்ஸில். கோசலை கொடுத்து வைத்தவள் என்று எங்கள் சனம் கூடும் லா சப்பல் முழுக்கச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு வயிறெரிகிறது.

ஜப்பானுக்கு வெளிக்கிடுமுன் அவள் சொன்னாள்: “கோயில் குளம் பாக்கவோ போறன் வதனா? ஒரு நாளைக்கெண்டாலும் என்ரை படுக்கையை வேறை ஆரும் விரிக்கவேணும். நான் சும்மா இருந்து பாக்கவேணும்.” அது என்னுடைய ஆசையும்தான். அவள் முந்திக்கொண்டாள்.

சும்மா இருக்கிற ஆளா அவள்? யார் வீட்டுக்குப் போனாலும் சோபா விரிப்பைத் தட்டி இழுத்துச் சரிசெய்த பிறகே உட்காருவாள். கோவிலில் முன்னால் நிற்கிறவளின் சேலைத் தலைப்பைக் கேட்காமலே நீவிவிடுவாள்.

அந்த விடுதியில் கட்டில் இல்லையாம். பாய் பதித்த தரையில் மாலையில் பணிப்பெண் வந்து மெத்தை விரிப்பாளாம். முதல் நாள் இவர்கள் ஊர் சுற்றிவிட்டு வந்தபோது விரித்தாகிவிட்டது.

“விடிய எழும்பினன். கை கேக்கேல்லை, வதனா. விரிப்பைக் கழட்டி, மெத்தையை மடிச்சு அலுமாரிக்குள்ளை வைச்சு, குளிக்கிற தொட்டியையும் துடைச்சுப்போட்டன். மெத்தை விரிக்கிற பிள்ளை வந்து பாத்திட்டு, ஓடிப்போய் முதலாளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திட்டுது. ரெண்டுபேரும் வாசல்லை முழங்கால்லை இருந்து கும்பிடுகினம்.”

அறை அழுக்காக இருந்ததென்று விருந்தாளி கோபித்துக்கொண்டதாக நினைத்துவிட்டார்களாம். தர்மிளா தன் கைத்தொலைபேசியில் எழுதி மொழிபெயர்த்துக் காட்டி விளக்கினாளாம். “அவை குனிய நான் குனிய, ஆர் முதல் நிமிருறதெண்டு தெரியேல்லை!”

விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளே கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை. பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப, விரிக்கிறதை நீர் பாக்கவே இல்லையோ?”

“பாத்தனான். அண்டு பின்னேரம் மகள் என்னை வெளியிலை விடேல்லை. அந்தப் பிள்ளை வந்து விரிச்சது. நான் சும்மா இருந்தன்.”

“நீரோ? சும்மாவோ?”

அப்போது கடைக்காரர் தவசீலன் ஈரத் துணியோடு எங்கள் மேசையைத் துடைக்க வந்தார். கோசலையின் கை துணியைப் பறிக்கப் பாய்ந்து, பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்தாள்.

“இப்பிடித்தான் இருந்தனான்,” என்றாள்.

தவசீலன் ஒரு மூலையைத் துடைக்காமல் விட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நானும் மெல்ல என் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டேன்.