உப்பளச் சாலையில் பிடிக்காத பிரேக்

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில், ஆறுமுகநேரியில் ஆற்றவேண்டிய சொற்பொழிவைக் காலி இருக்கைகளுக்கு முழங்கியபடி, தூத்துக்குடியிலிருந்து தனியாக மோட்டார் ஓட்டிச் சென்றேன். உப்பளச் சாலையில் தேங்கிய நீரை வேகமாகக் கடந்ததும், மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன்; நனைந்துபோன அது சிறிதும் பிடிக்கவில்லை.

"ஏலே, நிப்பாட்டுலே!" என்று வண்டிக்காரர் அலறினார். ஸ்டீயரிங்கைச் சட்டென ஒடித்துத் திருப்பி, பனையோலை மூடிய உப்புக் குவியலில் மோதி நின்றேன்.

அவர் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "யார்ட்டய்யா இவ்வளவு சத்தமாப் பேசிக்கிட்டு வாரீரு? உள்ள ஒருத்தரையும் காணலியே!"

எந்த வாதத்துக்கும் விடையளித்துப் பழகிய நான், இறங்கிச் சரிந்த பனையோலைகளை எடுத்து உப்பின்மேல் மூடத் தொடங்கினேன்.

இப்போது நீரைக் கடந்தால், மெதுவாக ஓட்டிப் பிரேக்கைப் பலமுறை இலேசாக அழுத்தி உலர்த்துகிறேன். அது பிடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில்தான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது தெரிகிறது.