மாலை போட்ட படம்

ஸ்பானியக் கிழவர் மூன்றாவது படம் எடுக்கப் போகிறார் என்றதும் சிவநேசம் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவருக்குச் சமைத்துக் கொடுத்து வீடு துடைப்பவள் அவள். கிழவருக்கு இக்னாசியோ என்று பெயர். ஒரு காலத்தில் தன் நாட்டில் பேசப்பட்ட இயக்குநராம். முதல் படத்தில் சவப்பெட்டிக்குள் படுத்து நடித்தவர், படம் வெளிவருமுன்னே மாரடைப்பில் போய்விட்டார். இரண்டாவதில் இக்னாசியோவின் மனைவியே ஆற்றில் மூழ்குகிறவளாக நடித்தாள். அடுத்த மாரியில் ஆறுதான் அவளைக் கொண்டுபோனது. படத்தையும் அரசாங்கம் தடை செய்ய, மனிதர் இங்கே வந்து, கிரேக்கர்களின் கல்யாணங்களைப் படம்பிடித்தே முப்பது வருடம் சீவித்தார். அவளுக்கு விளங்கக்கூடிய எளிய பிரெஞ்சில் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிவநேசம் மனதுக்குள் முருகனைக் கூப்பிடுவாள்.

காணாமற்போன அவள் கணவன் நகுலேஸ்வரனைத் தேடி, எட்டு வருடமாக அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். அந்த நன்றிக்கு நடிக்கச் சம்மதித்துவிட்டாள். நேற்றுத்தான் மிச்சம் தெரிந்தது: கணவனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்ற வேண்டுமாம். தமிழ்க் கடையொன்றில் பார்த்தாராம்.

"செத்தவைக்குத்தான் அப்பிடிச் செய்யிறது" என்று தெரிந்த பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தாள்.

"அதுதான் வேண்டும்" என்றார்.

கீழ்வீட்டுக் கிறேஸ் தலையில் கைவைத்தாள். "எடியே, உனக்கென்ன விசரே? அந்தாள் கமராவைத் தூக்கினாலே ஆரோ பாடையில ஏறுகினம்!"

"சொல்லுக் குடுத்திட்டன் கிறேஸ்."

"அப்ப பொட்டையும் அழிச்சுப்போட்டுப் போவன்!"

சிவநேசம் நெற்றியில் விரல் வைத்துக் குங்குமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை படச் சட்டத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனாள். தானே மாலையைப் போட்டாள். விளக்கை ஏற்றினாள். கமராவுக்குள் பார்த்த கிழவர் நிமிர்ந்தார். மாலைக்கு நடுவே இருந்தது சிவநேசத்தின் படம்.

"இது நீ."

"ஓம்" என்றாள். பிறகு அவருக்கு விளங்காத தமிழில், "வாறது எனக்கு வரட்டும். அவருக்கு வேண்டாம்."

கிழவர் அன்று சிரிக்கவில்லை. கமராவை நிறுத்தவுமில்லை. ஒருதரம் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

வெளியே இரும்புப் படிகளில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. எட்டு வருடமாக ஓடி இறங்கிய படிகள். சிவநேசம் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.